மோதிரம், மெழுகுவர்த்தி, கடிதம்: காதல் சின்னங்களின் துணையோடு உங்களைப் பேணிக்கொள்ள ஒரு முழுமையான வழிகாட்டி

காதலிக்கும் ஒருவர் என்னென்ன செய்கிறார் என்று யோசித்துப் பாருங்கள். வரும் நேரம் பார்த்துக் காத்திருக்கிறார். முகம் கொஞ்சம் வாடினாலும் கண்டுபிடித்துவிடுகிறார். தூங்கினாயா, உடம்பு எப்படி இருக்கிறது என்று விசாரிக்கிறார். பக்கம் பக்கமாகக் கடிதம் எழுதுகிறார். ரோஜா, மோதிரம், நிலா, மெழுகுவர்த்தி, பூட்டு எல்லாமே இப்படிப்பட்ட கவனிப்பின் அடையாளங்களாகத்தான் நம் மனதில் நிற்கின்றன. ஆனால் அந்தக் கவனிப்பில் ஒரு சிறு பங்குகூட நம் பக்கம் திரும்புவதில்லை. பிரியமானவருக்குக் காய்ச்சல் என்றால் இரவெல்லாம் விழித்திருப்பவர்கள், தங்கள் தலைவலியை நாள்கணக்கில் தள்ளிப்போடுகிறார்கள்.

அந்தச் சின்னங்கள் ஒவ்வொன்றோடும் ஓர் அன்றாடச் செயலை முடிச்சுப் போடுவதுதான் இங்கே நாம் செய்யப்போவது. சின்னம் எதற்கு என்று கேட்கலாம். நேரத்துக்குத் தூங்க வேண்டும், நடக்க வேண்டும், போனைக் குறைக்க வேண்டும் என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். தெரிந்தும் நழுவுவதற்குக் காரணம், செய்ய வேண்டிய நேரத்தில் அது நினைவுக்கு வராததுதான். மனதில் ஏற்கெனவே இடம்பிடித்த ஒரு பொருள் கண்ணில் பட்டால், அதோடு கட்டிய செயலும் கூடவே நினைவுக்கு வரும். கடமையாக இருந்தது கொஞ்சம் பிரியமாகவும் மாறும்.

ஒன்று மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முழுவதையும் படியுங்கள், ஆனால் தொடங்கும்போது ஒன்றை மட்டும் எடுங்கள். எதை முதலில் எடுப்பது என்பதைக் கடைசிப் பகுதியில் சொல்லியிருக்கிறேன்.

முதல் படி: மோதிரம், அதாவது நினைவூட்டி

இடது கையின் நான்காவது விரலிலிருந்து ஒரு இரத்தக்குழாய் நேராக இதயத்துக்குப் போகிறது என்று பழைய ரோமானியர்கள் நம்பினார்கள். திருமண மோதிரத்துக்கு அந்த விரல் வாய்த்ததற்கு இந்த நம்பிக்கையைத்தான் காரணமாகச் சொல்வார்கள். உடற்கூறுப்படி அப்படித் தனி இரத்தக்குழாய் எதுவும் கிடையாது. எல்லா விரல்களின் இரத்தமும் ஒரே மாதிரிதான் இதயத்துக்குத் திரும்புகிறது. ஆனாலும் விரலில் இருக்கும் மோதிரம் ஒரு நாளில் பல தடவை கண்ணில் படும், கையில் படும். நினைவூட்டியாக இதைவிட நல்ல பொருள் இல்லை.

மோதிரம் இல்லையென்றால் கைக்கடிகாரம், மணிக்கட்டில் ஒரு கயிறு, எதுவானாலும் சரி. செய்ய வேண்டியது இதுதான்: ஒரு வாக்கியம் எழுதுங்கள். "இது நடந்ததும், இதைச் செய்வேன்" என்ற வடிவில் அது இருக்க வேண்டும். உதாரணமாக, "கை கழுவி மோதிரத்தை மறுபடி மாட்டியதும், மூன்று முறை மெதுவாக மூச்சு விடுவேன்." உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 1999-இல் எழுதிய கட்டுரைக்குப் பிறகு இந்த உத்தி பரவலாகப் பேசப்பட்டது. "இனிமேல் நிதானமாக இருப்பேன்" என்ற பொதுவான உறுதிமொழியைவிட, எப்போது, எங்கே, எதைச் செய்வேன் என்று முன்கூட்டியே முடிவு செய்வது நன்றாக வேலை செய்கிறது.

மோதிரத்தைக் கழற்றி மாட்டுவதில் இன்னொரு பலனும் உண்டு. அதன் அடியில் சோப்பும் ஈரமும் தங்கினால் தோல் சிவந்து அரிக்கும். கழுவிய பிறகு விரலையும் மோதிரத்தையும் துடைத்து உலர்த்தி மாட்டுங்கள். அதன் பிறகும் அரிப்பு தொடர்ந்தால் உலோகத்தில் உள்ள நிக்கல் ஒத்துக்கொள்ளாமல் இருக்கலாம். தோல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

இரண்டாம் படி: இதயம்

நாம் வரையும் இதய வடிவத்துக்கும் நெஞ்சுக்குள் இருக்கும் இதயத்துக்கும் பெரிய ஒற்றுமை இல்லை. உள்ளே இருப்பது ஒரு நாளைக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் முறை துடிக்கும் தசை. அதன் மேல் காதல் கவிஞர்கள் ஏற்றிச் சொன்னதில் ஓரளவு உண்மையும் உண்டு. கடும் துயரமோ அதிர்ச்சியோ தாக்கும்போது இதயத்தின் இடது கீழறை தற்காலிகமாக உப்பிச் செயல் குன்றும் ஒரு நிலையை ஜப்பானிய மருத்துவர்கள் 1990-இல் விவரித்தார்கள். அந்த அறையின் வடிவம் அங்கே ஆக்டோபஸ் பிடிக்கும் பானையைப் போல இருந்ததால் அதற்கு டகோட்சுபோ என்று பெயர். உடைந்த இதய நோய் என்றும் சொல்கிறார்கள். மாதவிடாய் நின்ற பெண்களிடம் அதிகம் காணப்படுகிறது. பெரும்பாலானவர்கள் சில வாரங்களில் தேறிவிடுகிறார்கள். ஆனால் அதன் அறிகுறிகள் மாரடைப்பைப் போலவே இருக்கும். அதனால் மனக்கவலையில் இருக்கும்போது நெஞ்சுவலி வந்தாலும் "மனசு சரியில்லை, அவ்வளவுதான்" என்று விட்டுவிடாமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

சரி, அன்றாடப் பழக்கத்துக்கு வருவோம். இதயத்தின் பெயரால் மூன்று செயல்கள்.

முதலாவது, நாடி பார்ப்பது. காலையில் எழுந்ததும், படுக்கையை விட்டு இறங்கும் முன், ஒரு கையின் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் மறு கையின் மணிக்கட்டில், கட்டைவிரல் பக்கமாக வையுங்கள். கட்டைவிரலால் பார்க்க வேண்டாம். அதிலேயே துடிப்பு இருப்பதால் கணக்குக் குழம்பும். 30 விநாடி எண்ணி இரண்டால் பெருக்குங்கள். ஓய்வில் இருக்கும் பெரியவர்களுக்கு நிமிடத்துக்கு 60 முதல் 100 வரை வழக்கமானது. நன்றாக உடற்பயிற்சி செய்பவர்களுக்கு இன்னும் குறைவாக இருக்கலாம். ஒரு நாள் எண்ணிக்கையை வைத்துக் கவலைப்படத் தேவையில்லை. ஓய்விலும் தொடர்ந்து 100-ஐத் தாண்டினாலோ, தாளம் தப்பித் தப்பி அடித்தாலோ மருத்துவரைப் பாருங்கள்.

இரண்டாவது, மூச்சு. நாடியில் விரலை எடுக்காமல் 4 விநாடி மூச்சை இழுத்து, 6 விநாடி மெதுவாக விடுங்கள். நிமிடத்துக்கு 6 மூச்சு என்ற கணக்கு. இழுக்கும்போது துடிப்பு சற்று வேகமாவதையும், விடும்போது நிதானமாவதையும் பலராலும் விரலிலேயே உணர முடியும். உடலை அமைதிப்படுத்தும் வேகஸ் நரம்பு, மூச்சு வெளியேறும் நேரத்தில்தான் இதயத்தின் மேல் அதிகமாகச் செயல்படுகிறது. அதனால்தான் வெளிமூச்சு நீளமாக இருக்க வேண்டும் என்கிறோம். 5 நிமிடம் போதும். தலை சுற்றினால் நிறுத்திவிட்டு இயல்பாக மூச்சு விடுங்கள்.

இந்த மூச்சோடு ஒரு கையை நெஞ்சிலும் மற்றதை வயிற்றிலும் வைத்துக்கொள்ளலாம். அணைத்துக்கொள்ளப்படும்போது கிடைக்கும் ஆறுதலில் ஒரு பகுதி, நம் கையாலேயே நமக்குக் கிடைக்கும். 2021-இல் வெளியான ஓர் ஆய்வில், இப்படி 20 விநாடி தன்னைத் தானே தொட்டு ஆறுதல்படுத்திக்கொண்டவர்களுக்கு, பிறகு கொடுக்கப்பட்ட மன அழுத்தச் சோதனையின்போது, அழுத்தத்தில் சுரக்கும் ஹார்மோனான கார்டிசாலின் அளவு மற்றவர்களைவிடக் குறைவாக இருந்தது. தனியாக வாழ்பவர்கள் இந்த ஒன்றையாவது செய்து பார்க்க வேண்டும் என்று மனதார ஆசைப்படுகிறேன். யாரும் அணைத்துக்கொள்ள இல்லாத நாள்கள் எல்லாருக்கும் வரும்.

மூன்றாவது, நடை. காதலர்கள் சேர்ந்து நடக்கும் வேகம் பெரும்பாலும் மிக மெதுவானது. இங்கே கொஞ்சம் வேகம் வேண்டும். பெரியவர்களுக்கு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பு தேவை என்று உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. மிதமான வேகம் எது என்று அறிய எளிய வழி: நடந்துகொண்டே பேச முடிய வேண்டும், பாட முடியக்கூடாது. நாளுக்கு 25 நிமிடம் நடந்தாலே வாரக் கணக்கு 175 ஆகிவிடும். அப்புறம், வாரத்தில் இரண்டு நாளாவது தசைகளுக்கு வேலை கொடுக்கும் பயிற்சியும் வேண்டும் என்பதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுந்து உட்கார்வதில்கூட அதைத் தொடங்கலாம்.

மூன்றாம் படி: மெழுகுவர்த்தியும் நிலாவும், இரவுக்காக

என்னைக் கேட்டால் இந்த வழிகாட்டியிலேயே அதிகப் பலன் தரும் பகுதி இதுதான். தூக்கம் சரியானால் மற்றவை பாதி தானே சரியாகும்.

மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் ஒரு மாலை இதமாக இருப்பதற்கு உடலில் ஒரு காரணம் இருக்கிறது. ஒரு மீட்டர் தொலைவில் மெழுகுவர்த்தி தரும் வெளிச்சம் ஏறத்தாழ 1 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு). முழு நிலவு தருவது அதிலும் குறைவு, 0.3 லக்ஸைத் தாண்டாது. வீட்டு விளக்குகள் 100 லக்ஸுக்கு மேலேயே போகும். வெயில் காலத்துப் பகல் வெளியில் பல்லாயிரம் லக்ஸ். கண்ணின் விழித்திரையில், பார்ப்பதற்கென்று இல்லாமல் பகலா இரவா என்று மூளைக்குச் சொல்வதற்கென்றே சில செல்கள் இருக்கின்றன. நீல ஒளி அவற்றை மிகுதியாகத் தூண்டும். வழக்கமாகத் தூங்கும் நேரத்துக்குச் சுமார் 2 மணி நேரம் முன்பே, உடலுக்கு இரவு வந்ததைச் சொல்லும் ஹார்மோனான மெலட்டோனின் சுரக்கத் தொடங்க வேண்டும். அந்த நேரத்தில் அறை முழுக்க விளக்கு எரிந்தால் சுரப்பு தள்ளிப்போகும்.

ஆகவே செய்ய வேண்டியது:

1. முதலில் எழும் நேரத்தை முடிவு செய்யுங்கள். விடுமுறை நாளிலும் அது மாறக்கூடாது. அதிலிருந்து 8 மணி நேரம் பின்னால் எண்ணினால் படுக்கும் நேரம் வரும். பெரியவர்களுக்குக் குறைந்தது 7 மணி நேரத் தூக்கம் வேண்டும். படுத்தவுடன் யாரும் தூங்கிவிடுவதில்லை என்பதால் ஒரு மணி நேரம் கூட்டிச் சொல்கிறேன்.

2. படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பு, முடிந்தால் இரண்டு மணி நேரம் முன்பு, "மெழுகுவர்த்தி நேரம்" தொடங்கட்டும். மேல்விளக்கை அணைத்துவிட்டு, கண்மட்டத்துக்குக் கீழே இருக்கும் ஒரு சிறிய மஞ்சள் விளக்கை மட்டும் போடுங்கள். நிஜ மெழுகுவர்த்தி கட்டாயமில்லை. ஏற்றினால் திரியை 6 மி.மீ. அளவுக்கு வெட்டிவிடுங்கள், புகையும் கரியும் குறையும். திரைச்சீலை, தாள், படுக்கை இவற்றிலிருந்து 30 செ.மீ. தள்ளி வையுங்கள். கண் அயரும் நிலையில் இருக்கும்போது ஏற்றவே வேண்டாம். படுக்கையறையை விட்டு எழுந்து போகும்போதெல்லாம் அணைத்துவிட வேண்டும்.

3. அந்த வெளிச்சத்தில் 5 நிமிடம், நாளை செய்ய வேண்டியவற்றை ஒரு தாளில் எழுதுங்கள். மைக்கேல் ஸ்கலின் குழு 2018-இல் 57 பேரை வைத்துச் செய்த ஆய்வில், அன்று முடித்த வேலைகளை எழுதியவர்களைவிட, செய்ய வேண்டியவற்றை எழுதியவர்கள் சராசரியாக 9 நிமிடம் முன்னதாகத் தூங்கினார்கள். "நிறைய இருக்கிறது" என்று பொதுவாக எழுதாமல் தனித்தனியாக, விவரமாக எழுதுங்கள்.

4. படுத்துச் சுமார் 20 நிமிடமாகியும் தூக்கம் வரவில்லையென்றால் எழுந்துவிடுங்கள். கடிகாரம் பார்க்க வேண்டாம், குத்துமதிப்பாகப் போதும். அதே மங்கிய வெளிச்சத்தில் உட்கார்ந்திருந்து, கண் சொருகும்போது மறுபடி படுங்கள். படுக்கையையும் விழிப்பையும் மனம் சேர்த்துப் பழகிவிடாமல் இருக்கத்தான் இது. தூக்கமின்மைக்கான சிகிச்சையில் 1970-களிலிருந்தே இருக்கும் முறை.

காபி, தேநீரில் உள்ள கஃபீன் உடலில் பாதியாகக் குறையவே சுமார் 5 மணி நேரம் ஆகும். மதியத்துக்குப் பின் அதை நிறுத்தினால் இரவு எளிதாகும்.

நிலாவுக்கு இன்னொரு வேலை வைத்திருக்கிறேன். ஒரு பௌர்ணமியிலிருந்து அடுத்த பௌர்ணமிக்கு 29.5 நாள். மாதம் ஒருமுறை உடலைப் பார்த்துக்கொள்ள வானத்திலேயே தொங்கும் நினைவூட்டி அது. அன்று குளித்த பிறகு நல்ல வெளிச்சத்தில், கண்ணாடி முன் தலை முதல் கால் வரை பாருங்கள். மச்சங்களில் இரு பாதியும் ஒத்துப்போகாதது, ஓரம் ஒழுங்கற்றது, நிறம் கலந்திருப்பது, 6 மி.மீ.-க்கு மேல் அகலமானது, மாறிக்கொண்டே இருப்பது ஏதாவது தென்பட்டால் மருத்துவரிடம் காட்டுங்கள். ஆறாத புண், புதிய கட்டி எதுவும் அப்படியே. உள்ளங்காலையும் விரலிடுக்கையும் விட்டுவிடாதீர்கள். நீரிழிவு உள்ளவர்கள் பாதத்தை மட்டும் தினமுமே பார்க்க வேண்டும்.

மார்பகத்தைப் பார்ப்பதற்குப் பௌர்ணமியை நம்ப வேண்டாம். மாதவிடாய் வருபவர்களுக்கு அது முடிந்த சில நாள் கழித்துப் பார்ப்பதே நல்லது; அப்போதுதான் வீக்கமும் வலியும் குறைந்திருக்கும். மாதவிடாய்ச் சுற்று நிலவோடு ஒத்துப்போக வேண்டும் என்ற எண்ணமும் தேவையில்லை. 21 முதல் 35 நாள் வரை எதுவும் இயல்பே. உங்கள் சுற்று எத்தனை நாள் என்று குறித்துவைப்பதுதான் முக்கியம்.

நான்காம் படி: கடிதம்

உங்களுக்கு நீங்களே ஒரு கடிதம் எழுதுங்கள் என்றால் பலருக்கும் கூச்சமாக இருக்கும். கூச்சம் இருக்கட்டும், எழுதுங்கள். இதில் இரண்டு வகை உண்டு, இரண்டும் வேறு வேறு வேலை செய்பவை.

ஒன்று, கொட்டித் தீர்க்கும் கடிதம். உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர் 1986-இல் சாண்ட்ரா பீலோடு சேர்ந்து வெளியிட்ட ஆய்விலிருந்து வந்த முறை இது. மனதை அழுத்தும் ஒரு விஷயத்தைப் பற்றி, தொடர்ந்து 4 நாள், நாளுக்கு 15 நிமிடம் நிறுத்தாமல் எழுதுவது. என்ன நடந்தது என்பதோடு, அப்போது எப்படி உணர்ந்தீர்கள் என்பதையும் எழுத வேண்டும். எழுத்துப்பிழை, அழகு எதையும் பார்க்க வேண்டாம், யாருக்கும் காட்டப்போவதில்லை. எழுதி முடித்த உடனே மனம் இன்னும் கனமாகத் தோன்றலாம். அது எதிர்பார்த்ததுதான், பலன் பிறகுதான் தெரியும். நான்கு நாள் முடிந்ததும் கிழித்துப்போடலாம். ஆனால் துயரம் மிகப் புதியதாக இருந்தாலோ, எழுத எழுத உடல் நடுங்கினாலோ நிறுத்திவிடுங்கள். அப்படிப்பட்டதை ஒரு ஆலோசகரின் துணையோடு திறப்பதே பாதுகாப்பு.

மற்றது, காதல் கடிதம் என்று சொல்லத்தக்கது. வாரம் ஒரு முறை போதும். உளவியலாளர் கிறிஸ்டின் நெஃப் 2003 முதல் எழுதிவரும் சுயகருணைக் கருத்தில் மூன்று பகுதிகள் உண்டு: தன்னிடம் கனிவு, இது எல்லா மனிதருக்கும் நேர்வதுதான் என்ற உணர்வு, நடப்பதை மிகைப்படுத்தாமலும் மறைக்காமலும் பார்ப்பது. இந்த மூன்றையும் கடிதத்தின் மூன்று பத்தியாக வைத்துக்கொள்ளலாம். வரிசையை மட்டும் மாற்றிக்கொள்வோம்.

முதல் பத்தியில் நடந்ததை உள்ளபடி: "இந்த வாரம் இரண்டு முறை தோழியிடம் கோபத்தில் கத்திவிட்டாய். அதற்கு முந்தைய இரவுகளில் சரியாகத் தூங்கவில்லை." இரண்டாம் பத்தியில்: "தூக்கம் கெட்டால் யாருக்கும் பொறுமை குறையும். இதில் நீ மட்டும் தனி இல்லை." மூன்றாம் பத்தியில், உங்கள் மேல் உயிரையே வைத்திருக்கும் ஒருவர் என்ன சொல்வாரோ அது: "இன்றைக்குச் சீக்கிரம் படு. நாளைக் காலையில் அவளிடம் போய் மன்னிப்புக் கேள்."

கடிதத்தில் உங்களை "நீ" என்று அழையுங்கள், பெயர் சொல்லியும் அழையுங்கள். ஈதன் கிராஸ் குழுவின் 2014 ஆய்வில், பதற்றமான நேரத்தில் "நான்" என்பதற்குப் பதிலாகத் தன் பெயரைச் சொல்லித் தனக்குள் பேசிக்கொண்டவர்கள் அந்தச் சூழலை நன்றாகச் சமாளித்தார்கள். சற்றுத் தள்ளி நின்று பார்க்கும்போது, அடுத்தவருக்குச் சொல்லும் நிதானம் நமக்கும் கிடைக்கிறது. தன்னிடம் கனிவாக இருந்தால் சோம்பல் வந்துவிடும் என்று பயப்படுகிறவர்கள் மேலே உள்ள மூன்றாம் பத்தியை மறுபடி பாருங்கள். அதில் தப்பித்தல் எதுவும் இல்லை. மன்னிப்புக் கேட்க வேண்டிய வேலை அப்படியே இருக்கிறது.

ஐந்தாம் படி: ரோஜாவும் அதன் முள்ளும்

வாசனை மூளைக்குள் போகும் வழி தனி. மற்ற புலன்களின் செய்தி தலாமஸ் என்ற நிலையத்தைக் கடந்துதான் மேலே போகும். வாசனையோ உணர்ச்சியையும் நினைவையும் கையாளும் பகுதிகளை நேரடியாகத் தொட்டுவிடுகிறது. ஒரு மணம் பழைய நாளொன்றை அப்படியே கொண்டுவருவது இதனால்தான். முகரும் திறன் குறைந்தவர்களுக்குத் தாமஸ் ஹம்மல் குழு 2009-இல் வெளியிட்ட பயிற்சி முறையில் ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, யூகலிப்டஸ் என்ற நான்கு மணங்கள் உண்டு. காலை, மாலை என இரு வேளை, 12 வாரம் முகர வேண்டும். கோவிட்டுக்குப் பிறகு வாசனை திரும்பாதவர்கள் பலருக்கும் இந்தப் பயிற்சி பரிந்துரைக்கப்பட்டது.

உங்களுக்கு மூக்கு நன்றாக இருந்தாலும் இதைச் சிறிய அளவில் செய்யலாம். பிடித்த ஒரு மணம், நாளுக்கு ஒரு முறை, 20 விநாடி. கண்ணை மூடி மெதுவாக முகருங்கள். வேறு எதையும் செய்யாமல் இருப்பதுதான் இதில் பயிற்சி. ஆஸ்துமா, மணத்தால் வரும் தலைவலி உள்ளவர்கள் இந்தப் படியைத் தாண்டிவிடலாம்.

இதழைப் போன்ற தோல் வேண்டும் என்று விற்கப்படும் பலவும் தேவையில்லாதவை. மிதமான சூட்டில் 10 நிமிடத்துக்குள் குளியல், ஈரம் முழுதும் காய்வதற்குள் மணமில்லாத ஒரு மாய்ஸ்சரைசர், வெளியே போகும்போது எஸ்.பி.எஃப் 30 அல்லது அதற்கு மேற்பட்ட சன்ஸ்கிரீன், வெயிலிலேயே இருந்தால் இரண்டு மணிக்கொரு தரம் மறுபூச்சு. அடிப்படை அவ்வளவுதான்.

இனி முள். ரோஜாவின் முள் தண்டின் உள்ளிருந்து வருவதில்லை, மேல்தோலிலிருந்து முளைப்பது. பக்கவாட்டில் அழுத்தினால் கழன்று வரும், செடிக்குப் பெரிய காயமும் இல்லை. "முடியாது" என்று சொல்வதையும் நான் அப்படித்தான் பார்க்கிறேன். உள்ளம் கடினமாக வேண்டியதில்லை, மேற்பரப்பில் ஒரு சிறு காப்பு இருந்தால் போதும். வாரத்துக்கு ஒரு "முடியாது" என்று தொடங்குங்கள். யாராவது எதையாவது கேட்டால் உடனே பதில் சொல்லாமல், "பார்த்துவிட்டு நாளைக்குச் சொல்கிறேன்" என்று நேரம் வாங்குங்கள். மறுக்கும்போது ஒரே வாக்கியம்: "இந்த வாரம் என்னால் முடியாது." காரணங்களை அடுக்கினால் ஒவ்வொரு காரணத்துக்கும் எதிராளி ஒரு தீர்வு சொல்வார். முடிந்தால் மாற்றாக ஒன்றைச் சொல்லலாம், ஆனால் குற்ற உணர்வில் சொல்ல வேண்டாம்.

ஆறாம் படி: முத்தம்

சுருக்கமாக, வாயைக் கவனியுங்கள். உதட்டில் வியர்வைச் சுரப்பிகள் இல்லை, வெயிலைத் தாங்கும் மெலனினும் குறைவு. அதனால்தான் சீக்கிரம் வெடிக்கிறது. நாக்கால் ஈரப்படுத்தினால் இன்னும் காயும். சன்ஸ்கிரீன் கலந்த லிப் பாம் பகலிலும், சாதாரண பெட்ரோலியம் ஜெல்லி இரவிலும் போதும். ஃபுளோரைடு பேஸ்ட்டால் நாளுக்கு இரு முறை, ஒவ்வொரு முறையும் 2 நிமிடம் பல் துலக்குங்கள். முடிந்ததும் நுரையைத் துப்புங்கள், தண்ணீரால் கொப்பளிக்க வேண்டாம். ஃபுளோரைடு பல்லில் தங்கட்டும். நாளுக்கு ஒரு தடவை பல்லிடுக்கைச் சுத்தம் செய்யுங்கள். ஈறில் தொடர்ந்து இரத்தம் வந்தால் பல் மருத்துவரைப் பாருங்கள்.

ஏழாம் படி: பூட்டு

பாரிஸில் பான்ட் தெஸ் ஆர் என்ற நடைபாலம் இருக்கிறது. காதலர்கள் தங்கள் பெயரெழுதிய பூட்டை அதன் கம்பிவலையில் பூட்டிவிட்டுச் சாவியை ஆற்றில் எறிவது முன்பு வழக்கமாக இருந்தது. 2014 ஜூனில் சுமை தாங்காமல் கைப்பிடிச் சுவரின் ஒரு பகுதி சரிந்தது. மறு ஆண்டு எல்லாவற்றையும் அகற்றியபோது பூட்டுகளின் எடை சுமார் 45 டன். ஒவ்வொரு பூட்டும் சின்னதுதான்.

போனில் வரும் நோட்டிஃபிகேஷன்களும் அப்படித்தான் சேர்கின்றன. இன்று ஒரு முறை உட்கார்ந்து, மனிதர்கள் நேரடியாக உங்களுக்கு அனுப்பும் செய்தியையும் அழைப்பையும் தவிர மற்ற எல்லா அறிவிப்புகளையும் நிறுத்துங்கள். அதன்பின் தினமும் ஒரு "பூட்டிய மணி நேரம்": போனை வேறு அறையில் வைத்துவிட்டு இருங்கள். மெழுகுவர்த்தி நேரமும் இதுவும் ஒன்றாகவே இருக்கலாம், அதுதான் எளிது. அலாரத்துக்காகப் போன் வேண்டும் என்பவர்கள் தனியாக ஒரு சின்ன அலாரக் கடிகாரம் வைத்துக்கொள்ளுங்கள். இந்த வழிகாட்டிக்காக ஏதாவது வாங்குவதென்றால் நான் சொல்வது அது ஒன்றைத்தான்.

எட்டாம் படி: ஜோடிப் பறவை

தன்னைப் பேணுவது தனியாகச் செய்வது என்ற எண்ணத்தை நான் ஏற்கவில்லை. ஜூலியான் ஹோல்ட்-லன்ஸ்டட் குழு 2010-இல் 148 ஆய்வுகளைச் சேர்த்து அலசியது. அவற்றில் இருந்தவர்கள் 3 லட்சத்துக்கும் மேல். உறவும் நட்பும் வலுவாக இருந்தவர்களுக்கு, அந்த ஆய்வுகள் நடந்த காலத்தில் உயிரோடு இருக்கும் வாய்ப்பு 50 சதவீதம் கூடுதலாக இருந்தது. ஜோடி என்றால் காதலர் அல்லது துணைவர் மட்டும் என்றில்லை. நண்பர், அக்கா, பக்கத்து வீட்டுப் பெரியவர் யாராகவும் இருக்கலாம்.

வாரம் ஒரு நாள், ஒரு குறிப்பிட்ட நேரத்தில், ஒருவரிடம் பேசுங்கள். செய்தி அனுப்புவதைவிடக் குரல் கேட்பது நல்லது, நேரில் பார்ப்பது அதைவிட நல்லது. அடுத்த முறை எப்போது என்பதை அந்தப் பேச்சின் முடிவிலேயே சொல்லிவையுங்கள். இல்லையென்றால் "ஒரு நாள் பார்ப்போம்" என்று மாதங்கள் ஓடிவிடும்.

எதில் தொடங்குவது, எப்படித் தொடர்வது

தூக்கம் சரியில்லாதவர்கள் மெழுகுவர்த்தி நேரத்தில் தொடங்குங்கள். தூக்கம் பரவாயில்லை, ஆனால் மனம் எந்நேரமும் பரபரப்பாக இருக்கிறது என்றால் இதயப் பகுதியின் மூச்சு. எல்லாருக்கும் ஓடி ஓடிச் செய்து களைத்துப்போனவர்கள் முள்ளில் தொடங்கலாம். தன்னையே எந்நேரமும் திட்டிக்கொண்டிருப்பவர்களுக்குக் கடிதம்.

எடுத்த ஒன்றை, யோசிக்காமலே செய்யும் நிலை வரும்வரை அடுத்ததைச் சேர்க்க வேண்டாம். எவ்வளவு நாள் ஆகும்? லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலி குழு 96 பேரை வைத்துச் செய்த ஆய்வில், ஒரு பழக்கம் தானாக வருவதற்குச் சராசரியாக 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள் வரை வித்தியாசம். 21 நாளில் பழக்கம் வந்துவிடும் என்று கேட்டிருந்தால் அதை மறந்துவிடுங்கள். மூன்று வாரத்தில் வரவில்லையே என்று நல்ல முயற்சியைக் கைவிடுபவர்கள் ஏராளம். அதே ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது: இடையில் ஒரு நாள் தவறியது பழக்கம் உருவாவதைப் பெரிதாகப் பாதிக்கவில்லை. எனவே தவறிய நாளுக்குத் தண்டனையாக மறுநாள் இரட்டிப்பாகச் செய்ய வேண்டாம். மறுநாள் வழக்கமான அளவே போதும்.

உடம்பு முடியாத நாளுக்கு ஒவ்வொன்றுக்கும் ஒரு குட்டி வடிவம் வைத்துக்கொள்ளுங்கள். 5 நிமிட மூச்சுக்குப் பதில் மூன்றே மூச்சு, 25 நிமிட நடைக்குப் பதில் தெருமுனை வரை, கடிதத்துக்குப் பதில் ஒரு வரி. ஒரு தாளில் தேதி போட்டு, செய்தீர்களா என்று ஒரு புள்ளி, அன்றைய தூக்கம் எத்தனை மணி, காலை நாடி எவ்வளவு என்று மட்டும் குறியுங்கள். அதற்குமேல் கணக்கு வைத்தால் கணக்கே இன்னொரு வேலையாகிவிடும்.

இரண்டு வாரத்துக்கு மேல் பெரும்பாலான நாள்களில் மனம் சோர்ந்தே இருந்தால், பிடித்தது எதுவும் பிடிக்காமல் போனால், தூக்கமோ பசியோ வெகுவாக மாறினால், இந்தப் பழக்கங்களை மட்டும் நம்பியிருக்காதீர்கள். மருத்துவரையோ மனநல ஆலோசகரையோ பாருங்கள். வாழவே வேண்டாம் என்ற எண்ணம் வந்தால் இரண்டு வாரம் காத்திருக்கக் கூடாது. அன்றே, அந்த மணியே, அருகிலிருக்கும் ஒருவரிடம் சொல்லிவிட்டு உதவி எண்ணையோ மருத்துவமனையையோ நாடுங்கள். மருத்துவரிடம் போகும்போது மேலே சொன்ன தாளையும் எடுத்துச் செல்லுங்கள். எப்போது தொடங்கியது, எத்தனை மணி தூங்குகிறீர்கள் என்பதுதான் அவர் முதலில் கேட்பது. பதில் அதிலேயே இருக்கும்.